வழக்காடிப் பெற்ற தேசம்

1895 ஆகஸ்டில் 'காப்டிக்' என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் வோங் கிம் ஆர்க் என்ற இளம் சமையல்காரர். அதே சான் பிரான்சிஸ்கோவில், சாக்ரமெண்டோ தெருவில் பிறந்தவர். சீனாவில் இருந்த குடும்பத்தைப் பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். புறப்படும் முன்பே முன்யோசனையாக ஒரு காகிதம் வாங்கி வைத்திருந்தார். அவருடைய புகைப்படத்தை ஒட்டி, இவர் இங்கே பிறந்தவர், எங்களுக்கு நன்கு அறிமுகமானவர் என்று வெள்ளைக்காரச் சாட்சிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று அது. சீனச் சாயல் உள்ள ஒருவர் ஊரைவிட்டுப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் அப்படியொரு காகிதம் தேவைப்பட்ட காலம்.

காகிதம் இருந்தும் பயனில்லை. சுங்க அதிகாரி ஜான் வைஸ் அவரைக் கரையில் இறங்கவிடவில்லை. இந்த மண்ணில் பிறந்திருந்தாலும் இவருடைய பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள், எனவே இவரும் அமெரிக்கர் ஆகமாட்டார் என்றது அரசு. 'காப்டிக்' மறுபடி புறப்படும் நாள் வந்ததும் அவரை வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள். பிறகு அங்கிருந்து இன்னொன்றுக்கு. பிறந்த ஊர் கண்ணுக்கெதிரே தெரிய, மாதக்கணக்கில் தண்ணீரிலேயே சிறைப்பட்டுக் கிடந்தார்.

அவர் போட்ட வழக்கின் தீர்ப்பை நம்பித்தான் இன்றைக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளின் அமெரிக்கக் குடியுரிமை நிற்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் பிறக்கும் தமிழ்க் குழந்தைகள் பலருக்கும் அந்தச் சமையல்காரர்தான் ஆதாரம்.

ரத்தம், மொழி, மதம் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துத்தான் பெரும்பாலான நாடுகள் தங்களை அடையாளப்படுத்திக்கொள்கின்றன. அமெரிக்கா தன்னை வேறு மாதிரி அறிவித்துக்கொண்டது. 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம், மனிதர் எல்லாரும் சமம், உயிர் வாழ்வதும் சுதந்திரமாக இருப்பதும் எந்த அரசரும் கொடுத்து வருவதல்ல, பிறப்போடு வருவது என்றது. 2026 ஜூலை 4 அந்தப் பிரகடனத்தின் 250-ஆவது ஆண்டு நாள். இப்படிப்பட்ட தருணங்களில் அதை எழுதியவர்களைக் கொண்டாடுவது வழக்கம். என் நன்றி வேறு ஆட்களுக்குப் போகிறது. அந்தச் சொற்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, 'எழுதியிருக்கிறீர்களே, அது எங்களுக்கும்தானே' என்று கேட்டு நீதிமன்றப் படியேறிய அடிமைகள், சமையல்காரர்கள், மரமில் தொழிலாளிகள்தான் அமெரிக்கா என்ற எண்ணத்தை உண்மையாக்கியவர்கள். அவர்களில் பலர் தோற்றார்கள். சிலர் உள்ளே நுழைவதற்காகத் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை மிதிக்கவும் துணிந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடிமையின் மனு

பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவருடைய வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதி இருந்தது. கூடியிருந்த பிரதிநிதிகள் அதை வெட்டிவிட்டார்கள். 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் குடிமகன் ஆவது எப்படி என்று முதல் காங்கிரஸ் 1790-இல் சட்டம் போட்டபோது, இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும், அடிமையாக இல்லாத வெள்ளையராக இருக்க வேண்டும் என்றது. நிறத்தை வைத்துத் தகுதி பார்க்கும் இந்த வழக்கம், இடையில் சில மாற்றங்களோடு, 1952 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. 162 ஆண்டுகள்!

டிரெட் ஸ்காட் ஒரு ராணுவ மருத்துவரின் அடிமை. அடிமைமுறைக்கு இடமில்லாத இல்லினாய் மாநிலத்திலும், இன்றைய மினசோட்டாவில் உள்ள ஸ்னெல்லிங் கோட்டையிலும் எஜமானரோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர். அடிமைமுறை இல்லாத மண்ணில் வாழ்ந்தவன் எப்படி அடிமை ஆவான் என்று கேட்டு, 1846-இல் அவரும் மனைவி ஹாரியட்டும் செயின்ட் லூயி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு 11 ஆண்டு இழுத்தது. 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பைப் படித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடவே ஸ்காட்டுக்கு உரிமை கிடையாது. பிரகடனம் சொன்ன சமத்துவம் கறுப்பரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்றும் டானி விளக்கினார்.

ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். அந்த இருவரில் பெஞ்சமின் கர்டிஸ், யாரும் மறுக்க முடியாத ஒரு தகவலை எடுத்து வைத்தார். அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட காலத்தில் ஐந்து மாநிலங்களில் அடிமைகளாக இல்லாத கறுப்பர்களுக்கு வாக்குரிமை இருந்தது. நாட்டை உண்டாக்க ஓட்டுப் போட்டவர்கள் அந்த நாட்டின் குடிமக்கள் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? கேள்விக்குப் பதில் இல்லை, பெரும்பான்மை இருந்தது. கர்டிஸ் அந்த ஆண்டே பதவி விலகினார். ஸ்காட் குடும்பத்தைப் பழைய எஜமானர் வீட்டு வாரிசு ஒருவர் அடுத்த சில மாதங்களில் விடுவித்தார். ஓட்டலில் சுமைதூக்கும் வேலை பார்த்துவந்த டிரெட் ஸ்காட், மறு ஆண்டே காசநோயில் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் அடிமைமுறையை எதிர்த்தவர்களுக்குள்ளேயே ஒரு பிளவு இருந்தது. அதில்தான் அமெரிக்காவின் பிற்கால வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வில்லியம் லாயிட் கேரிசன் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர், அடிமைகளின் பக்கம் உறுதியாக நின்றவர். 1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸில் ஒரு கூட்டத்தில் அரசமைப்புச் சட்டத்தின் பிரதியைத் தீயிட்டு எரித்தார். அநீதியோடு சமரசம் செய்துகொண்ட காகிதம் அவருக்கு வேண்டாம். அடிமையாகப் பிறந்து 1838-இல் தப்பி ஓடிவந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குக் கோபம் அவரைவிட அதிகம். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில், உங்கள் சுதந்திர தினம் ஓர் அடிமைக்கு என்ன என்று கேட்டு அவர் ஆற்றிய உரையை இன்று படித்தாலும் உடம்பு சுடும். ஆனால் டக்ளஸ் காகிதத்தை எரிக்க மறுத்தார். அதை விடுதலைச் சாசனமாகவே வாசிப்பேன், எழுதியவர் மனத்தில் என்ன இருந்தாலும் சரி, எழுதியது என் பக்கம் என்றார். முதுகில் சாட்டையடி வாங்கிய மனிதர் சொன்னார் என்பதுதான் அந்த வாதத்துக்கு இருக்கும் பலம்.

ஜனாதிபதி லிங்கனும் அந்த வாசிப்புக்கே வந்து சேர்ந்தார். 1863 ஜூலையில் உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் மூன்றே நாளில் இரு தரப்பிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சுமார் 51,000 பேர். நவம்பர் 19 அன்று அங்கே கல்லறைத் தோட்டத்தைத் திறந்து வைத்துப் பேசிய லிங்கனின் உரை இரண்டு மூன்று நிமிடம்தான் நீண்டது. தொடக்கத்திலேயே, 87 ஆண்டுகளுக்கு முன் இந்த தேசம் பிறந்தது என்று கணக்குச் சொன்னார். 1863-இலிருந்து 87-ஐக் கழித்தால் வருவது 1776, பிரகடனத்தின் ஆண்டு. அடிமைகளை ஐந்தில் மூன்றாக எண்ணிய 1787 அல்ல. தேசத்தின் பிறந்த நாள் எது என்பதை ஒரு கழித்தல் கணக்கில் அவர் முடிவு செய்துவிட்டார்.

இரண்டு அயர்லாந்துக்காரர்கள்

போர் முடிந்தது. டானியின் தீர்ப்பைத் துடைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குடிமக்கள் என்ற வாசகத்தை 1866 மே 30 அன்று மிச்சிகன் செனட்டர் ஜேக்கப் ஹோவர்டு அவையில் வைத்தார். இதுதான் 14-ஆவது திருத்தத்தின் முதல் வரியாகி, 1868 ஜூலையில் அமலுக்கு வந்தது.

அன்றைக்கு நடந்த விவாதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா செனட்டர் எட்கர் கோவன் எழுந்தார். சீனக்காரனின் பிள்ளை குடிமகனா? ஜிப்சியின் பிள்ளை குடிமகனா? கலிபோர்னியா முழுக்கச் சீனர்கள் வந்து குவிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கோவன் கேட்டவை நேரடியான கேள்விகள். பதில் சொல்ல எழுந்தவர் கலிபோர்னியா செனட்டர் ஜான் கானஸ். அவர் மழுப்பவில்லை. ஆமாம், சீனப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தையும் குடிமகன்தான், அதற்குச் சம்மதித்தே இதை ஆதரிக்கிறேன் என்று அவையில் பதிவு செய்தார். திருத்தத்தை எழுதியவர்கள் கறுப்பரை மட்டுமே நினைத்தார்கள், குடியேறிகளின் பிள்ளைகளை நினைக்கவே இல்லை என்று இன்று வாதாடுகிறவர்கள், அந்த நாளின் அவைக்குறிப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கானஸ் அயர்லாந்தில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 'நோ நத்திங்' என்று பெயர் பெற்ற கட்சி, ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அமெரிக்கர் ஆகவே முடியாது என்று பிரசாரம் செய்து தேர்தல்களை வென்றிருந்தது. கானஸின் பதவிக்காலம் 1869-இல் முடிந்தது. கலிபோர்னியா அவரை மறுபடி அனுப்பவில்லை.

எட்டு ஆண்டு கழித்து, 1877-இல், அதே கலிபோர்னியாவில் இன்னொரு அயர்லாந்துக்காரர் தலையெடுத்தார். டெனிஸ் கியர்னி, வண்டித் தொழில் செய்தவர், கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவின் காலி மனைகளில் கூட்டம் போட்டு, சீனர்களை விரட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பேச்சையும் முடித்தார். அவருடைய தொழிலாளர் கட்சி மாநில அரசியலையே புரட்டிப் போட்டது. ரயில் முதலாளிகள் மீது தொழிலாளிக்கு இருந்த நியாயமான ஆத்திரத்தை எடுத்து, அதே ரயில் பாதையை மலை குடைந்து போட்டுக் கொடுத்த சீனக் கூலிகள் மீது திருப்பிவிட்டார். 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்டது காங்கிரஸ். ஒரே தீவில் பிறந்து, ஒரே கடலைக் கடந்து, ஒரே மாநிலத்தில் குடியேறிய இருவர். ஒருவர் தான் நுழைந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், மற்றவர் அதை அறைந்து சாத்தினார். வந்தேறி என்று வசை கேட்டவனுக்கு இன்னொரு வந்தேறியின் வலி தானாகப் புரிந்துவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

தடைச் சட்டம் வந்த மூன்றாம் ஆண்டு, நியூயார்க்கில் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டச் சீனர்களிடமும் நன்கொடை கேட்டார்கள். சாம் சாங் போ என்பவர் அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினார். எந்த நாட்டாரையும் வரவேற்று விளக்கேந்தி நிற்கும் சிலைக்கு எங்களிடம் காசு கேட்கிறீர்கள்; எங்களை அந்த வெளிச்சத்தில் வர அனுமதிக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு சீனர் இதைவிட அமெரிக்கராகப் பேசியிருக்க முடியாது.

இந்தச் சூழலில்தான் வோங் கிம் ஆர்க் கப்பலில் அடைபட்டார். சான் பிரான்சிஸ்கோ சீனர்களின் சங்கமான 'ஆறு கம்பெனிகள்' வழக்கறிஞர் வைத்து ஆட்கொணர்வு மனுப் போட்டது. 1896 ஜனவரியில் மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு விடாமல் மேலே கொண்டுபோனது. 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவு சொன்னது: இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். விலக்கெல்லாம் அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், ஆக்கிரமித்த எதிரிப் படையினரின் பிள்ளைகள், பழங்குடி இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்ற சில வகையினருக்குத்தான்.

எதிர்த்த இருவரில் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். இரண்டே ஆண்டு முன்பு, கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனி ரயில் பெட்டியில் உட்கார வைக்கும் சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னபோது, தனியொருவராக மறுத்து எழுதியவர் இவர். அரசமைப்புச் சட்டம் நிறம் பார்க்காது என்று எழுதிய அதே பேனா, சீனர் பிள்ளை வந்து நின்றபோது கையெழுத்தை வேறு பக்கம் போட்டது. பெரிய மனிதர்களின் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஆகவேதான் உரிமையை அவர்களுடைய நல்ல மனத்தை நம்பி விட்டுவிடக் கூடாது, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

எழுத்தில் வாங்கிய பிறகும் தொல்லை ஓயவில்லை. 1901-இல் மெக்சிகோ எல்லையில் உள்ள எல் பாசோ நகரில் வோங்கை மறுபடி பிடித்தார்கள். தேசத்தின் குடியுரிமைச் சட்டத்தையே தன் பெயரில் வைத்திருந்த மனிதர், தான் குடிமகன் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1910-இல் அவருடைய மூத்த மகனைத் திருப்பி அனுப்பினார்கள். இளைய மகன் உள்ளே வந்தார், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டார்.

திந்த் சொன்ன வாதம்

மண்ணில் பிறந்தவர்களுக்கு வழி கிடைத்தது. வெளியே பிறந்து வந்தவர்களுக்கு 1790-இன் நிறத் தகுதி அப்படியே இருந்தது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே குடியுரிமை கேட்ட ஆசியர்கள், நாங்களும் வெள்ளையர் என்று வாதாட வேண்டிய கேவலத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

டக்காவோ ஓசாவா ஜப்பானில் பிறந்து, இளம் வயதில் கலிபோர்னியா வந்து, பெர்க்லியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசினார். பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பினார். 1922 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நீங்கள் அந்த இனமல்ல என்று மனுவைத் தள்ளினார்.

மூன்று மாதம் கழித்து பகத் சிங் திந்த் வந்தார். பஞ்சாபில் பிறந்து 1913-இல் வந்தவர். ஆரிகன் மாநிலத்தில் மரமில்லில் வேலை பார்த்து, முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனவர். அன்றைய இனவியல் நூல்களின்படி வட இந்தியர்கள் காக்கேசியர். எனவே ஓசாவா தீர்ப்பின்படியே நான் வெள்ளையன் என்றார். இப்போது சதர்லேண்ட் மாற்றிச் சொன்னார்: நூல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று கருதுகிறானோ அவனே வெள்ளையன். 1923 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் ஒருமனதாகத் திந்தைத் தள்ளியது. மூன்று மாத இடைவெளியில் அளவுகோலையே மாற்றிய அநீதி இது.

ஆனால் திந்த் தரப்பு வாதத்தையும் நாம் படிக்க வேண்டும். அவர் உயர்சாதி ஆரியர் என்றது அது. இந்தியாவின் உயர்சாதியினர் அந்நாட்டின் ஆதிக்குடிகளை எப்படிப் பார்க்கிறார்களோ, திருமண உறவில் எப்படி ஒதுக்குகிறார்களோ, அப்படித்தான் அமெரிக்க வெள்ளையரும் கறுப்பரைப் பார்க்கிறார்கள் என்று ஒப்புமை காட்டி, ஆகவே நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்றது. சமத்துவத்தின் பெயரால் கதவைத் தட்டப் போனவர், ஒதுக்கத் தெரிந்தவன் நான் என்பதையே தகுதியாகக் காட்டினார். சட்டம் அவரை அந்த மூலைக்குத் தள்ளியது என்பது உண்மை. அந்த ஆயுதம் ஊரிலிருந்து மூட்டையோடு வந்திருந்தது என்பதும் உண்மை. 2023 பிப்ரவரி 21 அன்று, அந்தத் தீர்ப்புக்குச் சரியாக நூறு ஆண்டும் இரண்டு நாளும் கழித்து, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார். இந்திய வம்சாவளியினரே இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள்.

திந்த் தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு கிளம்பியது. வைஷ்ணோ தாஸ் பகாய் 1915-இல் மனைவி கலா, மூன்று மகன்களோடு வந்து சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்தவர், 1921-இல் குடிமகன் ஆனவர். குடியுரிமை போனதும், குடிமகன் அல்லாத ஆசியர் சொத்து வைக்கத் தடை செய்த கலிபோர்னியச் சட்டம் அவர்மேல் பாய்ந்தது. இந்தியா போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டபோது மறுத்தார்கள். எந்த ஆட்சியை வெறுத்து வந்தாரோ அந்த பிரிட்டிஷ் ஆட்சியின் பாஸ்போர்ட்டில் போகச் சொன்னார்கள். 1928-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தில், நாடும் வீடும் இல்லாத நிலைக்குத் தன்னைத் தள்ளியதைச் சொல்லியிருந்தார். கலா பகாய் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். பெர்க்லி நகரின் நடுவே ஒரு தெருவுக்கு இப்போது அவர் பெயர்.

திந்தின் வழக்கறிஞர் சகாராம் கணேஷ் பண்டிட்டின் குடியுரிமையும் பறிபோக இருந்தது. அவர் இனவியலைத் தொடவே இல்லை. நீங்கள் கொடுத்த குடியுரிமையை நம்பி வழக்கறிஞர் ஆனேன், வீடு வாங்கினேன், திருமணம் செய்தேன். ஒரு நீதிமன்றம் முடித்து வைத்ததை இன்னொரு நாள் மனம் மாறிப் பிடுங்க முடியாது என்று வாதாடி வென்றார். 1927-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மற்ற இந்தியர்கள் மீதான வழக்குகளை அரசு கைவிட்டது.

இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஜான் எல்க் என்ற பழங்குடியினர் இனக்குழுவை விட்டு வெளியேறி ஒமாஹா நகரில் வாழ்ந்து ஓட்டுரிமை கேட்டபோது, 1884-இல் நீ குடிமகன் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். எல்லாப் பழங்குடியினருக்கும் குடியுரிமை வந்தது 1924-இல்தான். இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. காகிதத்தில் உள்ள உரிமை, பயம் பரவும் காலத்தில் எவ்வளவு மெலிந்துபோகும் என்பதற்கு அந்த முகாம்களைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கறுப்பர்கள் திறந்த கதவு

1924-இல் காங்கிரஸ் போட்ட குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்தது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களைக் குறைப்பதற்காகவே 1890-ஆம் ஆண்டின் பழைய மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாக எடுத்தார்கள். ஆசியர்களுக்கு ஏறக்குறைய முழுத் தடை. புரூக்ளினிலிருந்து முதன்முறை வந்திருந்த இளம் உறுப்பினர் இமானுவேல் செல்லர் அதை எதிர்த்துப் பேசித் தோற்றார். அவர் விடவில்லை. 1946-இல் அவர் பெயரும் சேர்ந்த சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்து, ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்றது. அந்தச் சட்டத்தால் குடிமகனான தலிப் சிங் சவுந்த் 1956-இல் காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965-இல், எதிர்த்துப் பேசி 41 ஆண்டு கழித்து, நாடுவாரி ஒதுக்கீட்டையே ஒழிக்கும் சட்டத்தை செல்லர் நிறைவேற்றிக் காட்டினார். அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் கீழே அமர்ந்து ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்புதான் கறுப்பர்களின் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது அமெரிக்க லட்சியத்துக்கே எதிரானது என்பதைத் தெருவில் அடிபட்டு, சிறைபோய், செத்து நிரூபித்தவர்கள் கறுப்பர்கள். அந்த அலையில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. 1965-க்குப் பிறகு விமானம் ஏறிய ஒவ்வொரு தமிழ் மருத்துவரும் பொறியாளரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். நம் குடும்பப் பேச்சுகளில் இந்தக் கடன் நினைவுகூரப்படுவதே இல்லை. பல வீடுகளில் கறுப்பரைப் பற்றி இளக்காரமாகப் பேசுவதைத்தான் கேட்க முடிகிறது. எனக்கு அது வேதனை.

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட குழந்தைகள் படித்த பள்ளி ஒன்றுக்குப் போனார். தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்து, ஆமாம், நானும் என் மக்கள் இரண்டு கோடிப் பேரும் அப்படித்தான் நடத்தப்படுகிறோம் என்று ஏற்றுக்கொண்டார். இதை அவர் அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில், 1965 ஜூலை 4 அன்று சொன்னார். பிரகடனத்தின் நாளில், அமெரிக்கக் கனவைப் பற்றிய பிரசங்கத்தில். திந்த் சாதியைக் காட்டித் தன்னை வெள்ளையரோடு சேர்க்கச் சொன்னார். கிங் அதே சாதியின் அடித்தட்டோடு தன்னைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவைப் பற்றி எனக்குள்ள மரியாதை முழுவதும் அந்த இரண்டாவது செயலிலிருந்து வருகிறது.

1958-இல், ஒதுக்கீட்டுக் காலத்திலேயே, சென்னையில் பிறந்த 19 வயது ஷியாமளா கோபாலன் பெர்க்லிக்கு மாணவியாகப் போனார். அங்கே கறுப்பர்களின் உரிமைப் போராட்டத்தில் இணைந்தார். 1964-இல் ஓக்லாந்தில் அவருக்கு மகள் பிறந்தபோது ஷியாமளாவும் குடிமகள் இல்லை, ஜமைக்காவிலிருந்து வந்த கணவரும் குடிமகன் இல்லை. 14-ஆவது திருத்தமும் வோங் தீர்ப்பும் இருந்ததால் குழந்தை குடிமகள். அந்தக் குழந்தை, கமலா ஹாரிஸ், 2021-இல் துணை ஜனாதிபதியானபோது திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், ஜனாதிபதி டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ இல்லையென்றால், இனி பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது ஆணை. ஹெச்-1பி விசாவும் தற்காலிக விசாதான். மூன்றாம் நாள் சியாட்டில் நீதிபதி ஒருவர் ஆணையை நிறுத்தி வைத்தார். வேறு மாநிலங்களிலும் தடைகள் வந்தன. தனி நீதிபதிகள் நாடு முழுவதற்கும் தடை விதிக்கும் அதிகாரத்தை ஜூனில் உச்ச நீதிமன்றம் சுருக்கியது. ஆணை சரியா தவறா என்று அப்போது சொல்லவில்லை. டிசம்பரில் அந்தக் கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அரசு தரப்பின் வாதம், அதிகார வரம்புக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் விசுவாசமும் நிரந்தர வசிப்பும் பார்க்க வேண்டும் என்பது. பெற்றோரைப் பார் என்ற அதே வாதத்தைத்தான் 1898-இல் அரசு வைத்துத் தோற்றது.

இந்தத் தகராறின் கனம் எங்கே தெரியும் என்றால், சென்னையிலிருந்து மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டாலஸுக்குப் போய், அங்கே இரண்டாவது பிள்ளையைப் பெற்ற வீடுகளில் தெரியும். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. மூத்தவனுக்கு 21 வயது ஆகும்போது அப்பாவின் விசாவில் ஒட்டியிருக்கும் தகுதி போய்விடும். மாணவர் விசாவோ வேறு வழியோ தேட வேண்டும், கிடைக்காவிட்டால் நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். இளையவளுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு பேரும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள், காலையில் வகுப்பில் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து ஒரே கொடிக்கு ஒரே உறுதிமொழி சொன்னவர்கள். அந்த ஆணை நிலைத்தால், இனி அப்படிப்பட்ட வீடுகளில் பிறக்கும் இளைய பிள்ளையும் மூத்தவனின் வரிசையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.